பழைய லேப்டாப்புக்குப் புது பேட்டரி போடலாமா, வேண்டாமா?

கேள்வி இதுதான்: "லேப்டாப் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. பேட்டரி ஹெல்த் 68% என்று காட்டுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லி அவ்வப்போது எச்சரிக்கையும் வருகிறது. மாற்றினால் பிரயோஜனம் உண்டா, இல்லை அந்தப் பணத்தைப் புது லேப்டாப்புக்குச் சேர்த்து வைக்கலாமா?"

68% என்ற எண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே 68% உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு உடனே மாற்றுங்கள் என்பேன், இன்னொருவருக்கு இன்னும் ஒரு வருஷம் தொடவே வேண்டாம் என்பேன். பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, மணி நேரத்தை. பிளக்கிலிருந்து எடுத்த பிறகு உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இப்போது எத்தனை மணி நேரம் ஓடுகிறது, புது பேட்டரி போட்டால் எவ்வளவு கூடும் என்ற கணக்கைப் போட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

அந்தக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா?

லேப்டாப்பை மூடி, சமமான மேஜை மேல் வையுங்கள். நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். முன்பு ஆடாத லேப்டாப் இப்போது ஆடுகிறது என்றால் அடிப்பலகை நடுவில் புடைத்திருக்கலாம். அடுத்து டச்பேட். பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கும் கை வைக்கும் இடத்துக்கும் அடியில்தான் இருக்கிறது. டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ, கிளிக் ஆகாமல் கெட்டியாக இருந்தாலோ, ஓரத்து இடைவெளி ஒரு பக்கம் அகலமாகத் தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். கீபோர்டு நடுவில் மேடாவதும், மூடி முழுதாக மூடாமல் போவதும் அதே ரகம். உள்ளே எலெக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்து, அலுமினிய உறை பலூன் மாதிரி உப்புகிறது.

உப்பியிருந்தால் இந்தப் பதிலில் பின்னால் வரும் கணக்கு எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஹெல்த் 90% காட்டினாலும் சரி, சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், லேப்டாப்பை அணைத்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்ற ஏற்பாடு செய்யுங்கள். குத்தி வாயுவை வெளியேற்றப் பார்ப்பது, அழுத்தி மட்டமாக்கப் பார்ப்பது இரண்டும் தீயில் முடியக்கூடிய வேலைகள். "பிளக்கில்தானே ஓடுகிறது, உப்பினால் என்ன" என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிளக்கில் இருக்கும்போது பேட்டரி முழு சார்ஜில், இயந்திரத்தின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அதைவிட மோசமான நிலை கிடையாது. இதைப் படிக்கும் யாராவது ஒருவர் இன்றைக்கே டச்பேடைத் தடவிப் பார்த்தால்கூட இந்தப் பத்தி எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

உப்பவில்லை என்றால் நிதானமாக அளக்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு அறிக்கையை உருவாக்கி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் சொல்லும். பிரவுசரில் திறந்து பாருங்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதாக இருக்கும்போது கொள்ள வேண்டிய அளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது கொள்ளும் அளவு), சைக்கிள் கவுன்ட் (எத்தனை முறை முழு அளவு செலவானது) என்று மூன்று வரிகள் இருக்கும். சைக்கிள் கவுன்ட் சில மாடல்களில் வராது. மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியில் சைக்கிள் எண்ணிக்கையும் பேட்டரியின் நிலையும் இருக்கும். லினக்ஸில் upower -d என்ற கட்டளையே எல்லாம் சொல்லிவிடும், அந்த நொடியில் எத்தனை வாட் செலவாகிறது என்பது உட்பட.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். டிசைன் கெப்பாசிட்டி 50,000 மில்லிவாட்-ஹவர், அதாவது 50 வாட்-ஹவர் (50 வாட் செலவில் ஒரு மணி நேரம் ஓடும் அளவு). இப்போது முழு சார்ஜில் 34,000. இதுதான் உங்கள் 68%. டைப் செய்வது, மெயில் பார்ப்பது, மிதமான வெளிச்சத்தில் படிப்பது போன்ற வேலைக்கு ஒரு லேப்டாப் 8 வாட் எடுக்கிறது என்று வைத்தால், 34-ஐ 8-ஆல் வகுக்க நாலேகால் மணி நேரம். புது பேட்டரியில் ஆறேகால் மணி நேரம். இரண்டு மணி நேரம் கூடுதல், இது வாங்கத் தகுந்த வித்தியாசம். அதே லேப்டாப்பில் வீடியோ கால், முப்பது டேப், முழு வெளிச்சம் என்று 20 வாட் போனால்? இப்போது ஒரு மணி 42 நிமிடம். புது பேட்டரி போட்டாலும் இரண்டரை மணி நேரம்தான். நீங்கள் ஐந்து மணி நேரம் எதிர்பார்த்துப் பணம் கொடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

"பேட்டரி போச்சு" என்று சொல்பவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் போயிருப்பது பேட்டரி அல்ல, லேப்டாப்பின் மின்செலவு கூடியிருக்கிறது. பின்னணியில் ஓயாமல் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள், அடைத்துப்போன ஃபேன், தேவையில்லாமல் விழித்திருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் சார்ஜ் பாதியாக இருப்பதும் பல நேரம் பேட்டரியின் குற்றமில்லை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கமில்லை. நெட்வொர்க் தொடர்பை வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும். ஹைபர்னேட்டுக்கு (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும் முறை) மாற்றினால் அந்தப் புகார் தீர்ந்துவிடும். அந்த அறிக்கையிலேயே கடைசிச் சில நாட்களில் எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிவாட்-ஹவர் கரைந்தது என்ற பட்டியலும் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். உங்கள் வாட் கணக்கு கிடைத்துவிடும்.

பேட்டரி காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உள்ளே இருக்கும் சிப், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் செல்லுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. போன மின்சாரத்தையும் வந்த மின்சாரத்தையும் கூட்டிக் கழித்து மதிப்பிடுகிறது. மாதக்கணக்கில் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப்பில் அந்தக் கணக்கு விலகிப்போகும். ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்து, ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு தானாக அணையும் வரை ஓடவிட்டு, மறுபடி இடையில் நிறுத்தாமல் 100% வரை சார்ஜ் செய்யுங்கள். இதனால் பேட்டரிக்கு இழந்த சக்தி திரும்பி வராது, அளவுகோல் மட்டும்தான் சரியாகும். ஆனால் 68% என்று காட்டியது 75% ஆகவோ 60% ஆகவோ மாறினால், முடிவெடுக்க அது முக்கியமான தகவல். இதை மாதாமாதம் செய்யாதீர்கள். முழுதாகக் காலி செய்வது லித்தியம் பேட்டரிக்கு உடற்பயிற்சி இல்லை, தேய்மானம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்ன அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைவிட நான் அதிகம் மதிக்கும் அடையாளம் ஒன்று இருக்கிறது: சார்ஜ் 25%, 30% இருக்கும்போதே பட்டென்று அணைந்துபோவது. வயதாக ஆக பேட்டரியின் கொள்ளளவு குறைவதோடு உள் மின்தடையும் ஏறுகிறது. கிராஃபைட் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் வருஷக்கணக்கில் தடித்துக்கொண்டே போவது இதற்கு முக்கியக் காரணம். மூன்று செல்கள் தொடராக உள்ள பேட்டரியில் 10.8 வோல்ட் இருக்கும்போது லேப்டாப் திடீரென்று 40 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3.7 ஆம்பியர் ஓட வேண்டும். உள் மின்தடை 0.5 ஓமுக்கு ஏறியிருந்தால் 1.85 வோல்ட் உள்ளேயே வீழ்ந்துவிடும். வெளியே மிஞ்சுவது 9 வோல்ட்டுக்கும் கீழே. செல்லுக்கு 3 வோல்ட் என்ற எல்லையில் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிட்டால், திரை காட்டும் 30% எதற்கும் உதவாது. சும்மா டைப் செய்யும்போது நன்றாக ஓடி, வீடியோ ரெண்டர் செய்ய ஆரம்பித்ததும் அணைகிறது என்றால் இதுதான் நடக்கிறது.

அப்படி அணைந்தால் சேமிக்காத வேலை போகும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடும். ஹெல்த் 80% என்று காட்டினாலும் இந்த அறிகுறி இருந்தால் மாற்றுவது நல்லது. மாறாக, ஹெல்த் 55% ஆக இருந்தும் கடைசி 5% வரை ஒழுங்காகப் படிப்படியாக இறங்குகிறது, உங்களுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் போதும் என்றால் மாற்ற என்ன அவசரம்?

சதவீதத்தில் 80 என்ற எல்லையை எல்லோரும் சொல்கிறார்கள். அது தொழில்துறை வழக்கமாக வைத்துக்கொண்ட ஒரு கோடு. மேக்புக்குகளின் பேட்டரி 1000 சைக்கிள் வரை 80% தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் சொல்கிறது. மற்ற பல லேப்டாப்களில் 300 முதல் 500 சைக்கிள் என்ற கணக்கு வழக்கம். ஒரு சைக்கிள் என்பது ஒருமுறை சார்ஜர் செருகுவது இல்லை. மொத்தம் 100% அளவுக்குச் செலவானால்தான் ஒன்று. பாதி பாதியாக இரண்டு நாள் செலவழித்தாலும் ஒரே சைக்கிள்தான். சைக்கிளே ஏறாமல் பிளக்கில் கிடந்தாலும் பேட்டரிக்கு வயது ஏறத்தான் செய்யும், அதுவும் முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் வேகமாக. ஐந்து வருஷத்தில் 100 சைக்கிள்கூட ஓடாத பேட்டரி 60% ஆகியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அறிக்கையில் பழைய வாரங்களின் கொள்ளளவும் வரிசையாக இருக்கும், அதைப் பாருங்கள். நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். கடைசிச் சில மாதத்தில் மட்டும் சரசரவென்று சரிந்திருந்தால் அது இனி நிற்காது, இப்போதே திட்டமிடுங்கள்.

எப்போதும் பிளக்கில் வைத்தே வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்பாத பலவீனமான பேட்டரியை நீங்கள் மாற்றாமலே இருக்கலாம். கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதுமே. ஆனால் சில லேப்டாப்களில் பிராசசர் உச்சவேகத்தில் ஓடும்போது அடாப்டர் கொடுப்பது போதாமல் பேட்டரியிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். அந்த மாதிரி இயந்திரத்தில் பேட்டரி செத்துவிட்டால் வேகமும் குறையும். பிளக்கில் இருக்கும்போதே மந்தமாகிவிட்டது என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

இனி லேப்டாப்பைப் பார்ப்போம். பேட்டரி மட்டும்தான் பழுதா? திரை, கீல், கீபோர்டு நன்றாக இருந்து, உங்கள் வேலைக்கு வேகமும் போதும் என்றால் பேட்டரி மாற்றுவதைப் போல லாபமான செலவு வேறில்லை. எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் பேட்டரியோடு அதையும் மாற்றினால் புது லேப்டாப் மாதிரியே தெரியும். கீல் உடைந்து, திரையில் கோடு விழுந்து, ரேம் 4 ஜிபியோடு போர்டில் சால்டர் செய்யப்பட்டிருந்தால் பேட்டரிக்குப் போடும் பணம் வீண்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். ஐந்து வருஷ லேப்டாப்களில் பெரும்பாலானவை இதில் தேறிவிடும். எட்டு ஒன்பது வருஷமானவை தேறாமல் போகலாம். அவற்றிலும் லினக்ஸ் போட்டு ஓட்டத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக பேட்டரி மாற்றலாம். நன்றாக ஓடும் ஒரு இயந்திரத்தை பேட்டரி ஒன்றுக்காக மூலையில் போடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. நான் வைக்கும் கேள்வி எளிமையானது: பேட்டரி புதிதாக இருந்தால் இதை இன்னும் இரண்டு வருஷம் விரும்பி வைத்திருப்பீர்களா? ஆம் என்றால் மாற்றுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், காசு கொடுப்பதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் சீரியல் நம்பரைப் போட்டு, பேட்டரியைத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2006-இல் சோனி செல்கள் வைத்த 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது. 2019-இல் ஆப்பிள், முக்கியமாக 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையில் விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோக்களில் சிலவற்றுக்கு இலவசமாக பேட்டரி மாற்றிக் கொடுத்தது. உங்கள் மாடலும் அப்படி ஒரு பட்டியலில் இருக்கலாம்.

வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் மூன்று செல் பேட்டரியும் நான்கு செல் பேட்டரியும் வரும். பெரிய பேட்டரி உள்ள வகையில் பல நேரம் ஹார்ட் டிஸ்க் வைக்கும் இடமே இருக்காது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள பார்ட் நம்பர், வோல்ட், வாட்-ஹவர் மூன்றும்தான் உங்களுக்கு வேண்டியது. 10.8 வோல்ட், 11.1 வோல்ட் இரண்டும் மூன்று செல் தொடரையே குறிக்கின்றன, அந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். 7.4 வோல்ட்டுக்கு பதில் 11.1 என்பது வேறு கதை, அதைத் தொடவே கூடாது.

எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-ஹவர்) எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பவர்களிடம் வாட்-ஹவர் கேளுங்கள். எம்.ஏ.எச்.-ஐ 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் அது வந்துவிடும். 11.4 வோல்ட்டில் 4000 எம்.ஏ.எச். என்றால் 45.6 வாட்-ஹவர். பழைய கழற்றி மாட்டும் பேட்டரிகளில் உருளை வடிவ 18650 செல்கள் இருக்கும். நல்ல கம்பெனி செல்லே ஒன்றுக்குச் சுமார் 3500 எம்.ஏ.எச். வரைதான் தரும். ஆறு செல் பேட்டரி என்றால் மும்மூன்றாகத் தொடரில் கோத்த இரண்டு வரிசை, வரிசைக்கு 3500, ஆக 7000. அதே அளவு பெட்டியில் 9000 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் அது பொய். அப்படிப் பொய் சொல்பவர் பாதுகாப்புச் சுற்றிலும் மிச்சம் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல்தான் வேண்டுமா என்று கேட்டால், கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஆனால் தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு ஒரிஜினல் என்று கிடைப்பது பல வருஷம் கிடங்கில் கிடந்த சரக்காக இருக்கலாம். லித்தியம் செல் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். ஆறு வருஷத்துக்கு முன் தயாரான ஒரிஜினலைவிட, போன வருஷம் தயாரான, பெயருள்ள, வாரன்டி தரும் மாற்று நிறுவன பேட்டரியை நான் எடுப்பேன். லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும், கேட்டு வாங்குங்கள். சில லேப்டாப்கள் மாற்று பேட்டரியை அடையாளம் காணாமல் எச்சரிக்கை காட்டும், சில சார்ஜ் ஏற்றவே மறுக்கும். உங்கள் மாடல் அப்படிச் செய்யுமா என்று முன்பே விசாரியுங்கள்.

உள்ளே செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், ஸ்பாட் வெல்டிங் சரியாக விழ வேண்டும், சிப்பில் இருக்கும் பழைய கணக்கைத் திருத்த வேண்டும். சில சிப்கள் செல்லைப் பிரித்த உடனே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

மாட்டும் வேலை மாடலுக்கு மாடல் வேறுபடும். ஸ்குரூ போட்டு நிறுத்திய பேட்டரி என்றால் பொறுமையுள்ள யாரும் வீட்டிலேயே செய்யலாம். சார்ஜை 25%-க்குக் கீழே இறக்கி, அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டுத் திறவுங்கள். முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது, மற்றதெல்லாம் பிறகு. நீளம் வேறுபடும் ஸ்குரூக்களை எடுத்த வரிசையில் ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டையே குத்திவிடும். பசையால் ஒட்டிய பேட்டரியைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஸ்குரூடிரைவரை அடியில் விட்டு நெம்பும்போதுதான் விபத்து நடக்கிறது. திறந்த கையோடு ஃபேனில் படிந்த தூசியையும் துடைத்துவிட்டால் புது பேட்டரிக்குச் சூடு குறையும்.

கழற்றிய பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

புதிதை மாட்டியதும் சார்ஜ் வரம்பை 80%-இல் நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். லெனோவோ, டெல், அசூஸ், எச்பி மாடல்கள் பலவற்றில் அவர்களின் செயலியிலோ பயோஸிலோ (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) இருக்கும். பிளக்கில் அதிக நேரம் ஓட்டுபவருக்கு பேட்டரியின் ஆயுளை நீட்ட இதைவிட எளிய வழி இல்லை. பிறகு ஒருநாள் சார்ஜ் 80%-இல் நிற்பதைப் பார்த்து பேட்டரி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வெளியூர் போகும்போது மட்டும் 100%-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வாரத்திலேயே, ரிட்டர்ன் செய்ய நாள் இருக்கும்போதே, அந்த பேட்டரி அறிக்கையை மறுபடி எடுங்கள். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி டிசைன் அளவுக்கு ஒட்டி வருகிறதா, சைக்கிள் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சிப்பில் எந்த எண்ணையும் எழுதிவைக்க முடியும். அதனால் முழு சார்ஜிலிருந்து அணையும் வரை ஒருமுறை ஓடவிட்டு, மேலே சொன்ன வகுத்தல் கணக்கோடு நேரத்தை ஒப்பிடுங்கள். 50 வாட்-ஹவர் என்று விற்ற பேட்டரி, 8 வாட் செலவில் நாலு மணி நேரத்தில் அணைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.